கைமுறுக்கு வியாபாரம்: விற்கிறது, ஆனால் காசு எங்கே போகிறது? (சுங்கை சிப்புட், மலேசியா)

முறுக்குக்காரி

வணக்கம். சுங்கை சிப்புட்டில் வீட்டிலிருந்தே முறுக்கு, அச்சுமுறுக்கு, நெய்யுருண்டை செய்து விற்கிறேன். என்னோடு மூன்று அக்காமார் வேலை செய்கிறார்கள். மூன்று பேருமே பக்கத்துத் தோட்டங்களில் பால்மரம் (ரப்பர்) சீவியவர்கள், தோட்டம் செம்பனைக்கு (எண்ணெய்ப் பனைக்கு) மாறியதும் வேலையும் போய், குடியிருந்த லயத்து வீடும் போய் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு வந்தவர்கள். இந்த வயதில் அவர்களுக்கு யார் வேலை கொடுப்பார்கள் என்றுதான் இதை ஆரம்பித்தேன். லேபிளிலும் "தோட்டத்து அக்காமார் கையால் பிழிந்தது" என்று போட்டிருக்கிறேன், அதைப் பார்த்தே வாங்குகிறவர்கள் உண்டு.

விற்பனைக்குக் குறை இல்லை. நேரடியாக வாங்கினால் போத்தல் 18 வெள்ளி (ரிங்கிட்), மளிகைக் கடைகளுக்கு 15 வெள்ளி. ஒரு நாளைக்கு 40 போத்தல் போடுகிறோம். ஆனால் மாதக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்பதில்லை. வீட்டுக்காரர் "நீ வியாபாரம் செய்கிறாயா, தர்மம் செய்கிறாயா" என்று கேட்கிறார்.

இப்போது ஒரு மொத்த வியாபாரி வந்து, தொழிற்சாலை முறுக்கைப் போத்தல் 9 வெள்ளிக்குத் தருகிறேன், தீபாவளிக்கு உங்கள் லேபிளை ஒட்டி விற்றுக்கொள்ளுங்கள் என்கிறார். ருசி மோசமில்லை. போன தீபாவளிக்கு எத்தனையோ பேருக்கு "முடிந்துவிட்டது" என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பாசார்மாலாம்அண்ணன்

தங்கச்சி, வாங்கிப் போடு. பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) பாதிப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். சாப்பிடுகிறவனுக்கு முறுக்கு மொறுமொறு என்று இருந்தால் போதும், யார் பிழிந்தது என்று யார் கேட்கப் போகிறார்கள்? ஒரு போத்தலில் 9 வெள்ளி லாபம். அந்தக் காசில் அக்காமாருக்குத் தீபாவளிச் சேலை எடுத்துக் கொடு.

ஈப்போமருமகள்

அண்ணே, நான் கேட்பேன். நான் அந்த லேபிளுக்காகத்தான் வாங்குகிறேன். இல்லையென்றால் சூப்பர்மார்க்கெட்டிலேயே 10 வெள்ளிக்குக் கிடைக்குமே, சிப்புட் வரை எதற்குக் கார் ஓட்டிக்கொண்டு வரவேண்டும்?

கணக்குப்பிள்ளை

லேபிள் விஷயத்துக்கு அப்புறம் வருவோம். அக்கா, முதலில் மூன்று கேள்வி. அக்காமாருக்கு எவ்வளவு கொடுக்கிறீர்கள், எத்தனை மணி நேரத்துக்கு? உங்களுக்கு எவ்வளவு எடுத்துக்கொள்கிறீர்கள்? எண்ணெய் எங்கே வாங்குகிறீர்கள்?

முறுக்குக்காரி

ஆளுக்கு ஒரு நாளைக்கு 40 வெள்ளி, காலை ஏழிலிருந்து ஒரு மணி வரை. எனக்கென்று தனியாக எதுவும் இல்லை, மிச்சம் இருந்தால் எடுத்துக்கொள்வேன். எண்ணெய் கடையில் ஒரு கிலோ பாக்கெட்தான், 2 வெள்ளி 50 காசு. என் கணக்குப்படி சாமானும் போத்தலும் சேர்த்து ஏழு வெள்ளி, கூலி மூன்று, மொத்தம் பத்து. அப்படியென்றால் கடைக்குப் போட்டாலே ஐந்து வெள்ளி நிற்க வேண்டுமே?

கணக்குப்பிள்ளை

சரி, கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எண்ணெய். 2.50 பாக்கெட் அரசாங்க மானிய எண்ணெய், வீட்டுச் சமையலுக்கென்று கொடுப்பது. வியாபாரத்துக்குப் பயன்படுத்தினால் விநியோகக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் மாட்டிக்கொள்ளலாம், சாப்பாட்டுக் கடைகளில் சோதனை போட்டுப் பிடிக்கிறார்கள். அதனால் சாதாரண விலை எண்ணெயை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். அப்படிப் போட்டால், நீங்கள் சொல்லும் அளவுக்கு மாவு, உளுந்து, வெண்ணெய், எண்ணெய் எல்லாம் ஒரு போத்தலுக்கு 7 வெள்ளி 20 காசு வரும் என்று நினைக்கிறேன். கேஸ் 70 காசு. போத்தலும் லேபிளும் 1.80. ஆக 9.70. உங்கள் பில்லை எடுத்துச் சரி பாருங்கள், இது என் தோராயம்தான்.

அடுத்து கூலி. குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. 2025 பிப்ரவரியில் ஐந்து பேரும் அதற்கு மேலும் இருக்கிற இடங்களுக்கு வந்தது, ஆகஸ்டிலிருந்து உங்களைப் போன்ற சின்ன இடங்களுக்கும் வந்துவிட்டது. மணிக்குப் பார்த்தால் 8 வெள்ளி 72 காசு. நீங்கள் கொடுக்கும் 40 வெள்ளியை ஆறால் வகுத்துப் பாருங்கள், ஏழு கூட வரவில்லை. இப்போது நான்கு பேருக்கும், உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், ஆறு மணி நேரம் போட்டால் 24 மணி, 209 வெள்ளி. 40 போத்தலுக்குப் பிரித்தால் ஐந்தே கால். அதன் மேல் கேடபிள்யூஎஸ்பி (சேமநிதி), பெர்கெசோ (தொழிலாளர் காப்புறுதி) முதலாளி பங்கு ஒரு 80 காசு. கடைகளுக்குக் கொண்டுபோகும் பெட்ரோல், உடைந்துபோகும் முறுக்கு, திரும்பி வரும் போத்தல் இதற்கெல்லாம் 1.25.

மொத்தம் 17 வெள்ளி.

நேரடியாக விற்றால் ஒரு வெள்ளி லாபம். கடைக்கு 15-க்குப் போடும் ஒவ்வொரு போத்தலுக்கும் இரண்டு வெள்ளி நஷ்டம். கடைக்குத்தான் அதிகம் போகிறது என்றால், எவ்வளவு அதிகம் விற்கிறீர்களோ அவ்வளவு பள்ளம். அந்தப் பள்ளத்தை இப்போது யார் நிரப்புகிறார்கள் தெரியுமா? மணிக்கு இரண்டு வெள்ளி குறைவாக வாங்கும் அக்காமார், சம்பளமே இல்லாத நீங்கள், பெட்ரோல் போடும் உங்கள் வீட்டுக்காரர். அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

தோட்டத்துப்பையன்

கணக்குப்பிள்ளை சார், ஒன்று சொல்லட்டுமா. என் அம்மாவும் இப்படி ஒரு வீட்டில் பலகாரம் செய்யப் போகிறார். அவருக்கு 35 வெள்ளிதான். வீட்டில் சும்மா டிவி பார்ப்பதற்கு நாலு பேரோடு பேசிக்கொண்டு வேலை செய்வது அவருக்கே பிடித்திருக்கிறது. சட்டம் சட்டம் என்று போனால் அந்த வீட்டுக்காரம்மா ஆளையே நிறுத்திவிடுவார். அப்புறம் யாருக்கு என்ன லாபம்?

கணக்குப்பிள்ளை

தம்பி, அம்மா சந்தோஷமாகப் போகிறார் என்றால் நல்லதுதான். ஆனால் அந்தப் போத்தலில் "தோட்டத்து அக்காமாரை வாழவைக்கிறோம்" என்று லேபிள் ஒட்டியிருந்தால் நான் கேட்கத்தான் கேட்பேன். அக்காமாருக்கு வேலை கொடுக்கிறோம் என்று சொல்லித்தான் ஒரு வெள்ளி, இரண்டு வெள்ளி அதிகம் வாங்குகிறோம். அந்த அதிகம் அவர்கள் கைக்குப் போகாவிட்டால் வாங்குகிறவரையும் ஏமாற்றுகிறோம், அவர்களையும் ஏமாற்றுகிறோம்.

செம்பனை72

பெரியவன் நான் இடையில் வருகிறேன். தோட்டத்தில் முப்பது வருஷம் வேலை செய்தவன். பால் எடைக்கும் நாள் கூலிக்கும் பட்ட பாடு எனக்குத் தெரியும். மழை பெய்தால் மரம் சீவ முடியாது, மரம் சீவாவிட்டால் சம்பளம் இல்லை. மாதச் சம்பளம் வேண்டும் என்று தொழிற்சங்கம் எத்தனை வருஷம் கேட்டது! இப்போது நம் பெண்ணே நம் பெண்களுக்குத் தோட்டத்துக் கூலியைக் கொடுத்தால் என்ன சொல்வது. மகளே, உன்மேல் கோபமில்லை, உனக்கே சம்பளம் இல்லையாமே.

நம் ஊர்க்காரர், அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். வெள்ளைக்காரன் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் போய்க்கொண்டிருந்த காலம், தொழிலாளி நடுத்தெருவில் நின்றான். அவர் யாரிடமும் தர்மம் கேட்கவில்லை. தொழிலாளியிடமே கொஞ்சம் கொஞ்சமாகப் பங்குப் பணம் வாங்கித் தோட்டம் வாங்கினார். எங்கள் அப்பா சந்தா கட்டிய காகிதத்தை டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார். இவ்வளவு கட்டினேன், இவ்வளவு என் பங்கு என்று படிக்காத ஆளுக்கும் தெரிந்திருந்தது. உன் அக்காமாருக்கு ஒரு போத்தலில் எவ்வளவு நிற்கிறது என்று தெரியுமா? அவர்களிடம் சொல்லியிருக்கிறாயா?

முறுக்குக்காரி

இல்லை ஐயா. கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. காசு பேச்சு எடுத்தால் உறவு கெட்டுப்போகும் என்று ஒரு பயம். இன்றைக்கே பேசுகிறேன்.

கணக்குப்பிள்ளை அண்ணே, பில்லை எல்லாம் எடுத்துப் பார்த்தேன், உங்கள் 9.70 எனக்கு 9.90 வருகிறது, வெண்ணெய் விலை ஏறிவிட்டது. ஒரு சந்தேகம். ஒரு அக்காவுக்கு 63 வயது. அவருக்கும் கேடபிள்யூஎஸ்பி கட்ட வேண்டுமா?

கணக்குப்பிள்ளை

கட்ட வேண்டும், ஆனால் குறைவு. 60 தாண்டிய மலேசியர் என்றால் முதலாளி 4 விழுக்காடு, அவர் சம்பளத்தில் பிடிக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு 5,000 வெள்ளிக்குள் சம்பளம் என்றால் நீங்கள் 13, அவர்கள் 11. உங்களுக்கு நீங்களே கேடபிள்யூஎஸ்பியின் ஐ-சாரான் திட்டத்தில் (சொந்தத் தொழில் செய்பவர்களுக்கான சேமிப்பு) போடலாம், அரசாங்கம் அதன் மேல் ஆண்டுக்கு 500 வெள்ளி வரை சேர்க்கிறது. முறுக்கு பிழிந்தே வயதாகிவிடக் கூடாது பாருங்கள்.

பாசார்மாலாம்அண்ணன்

அடேங்கப்பா, ஒரு முறுக்குக்கு இவ்வளவு சட்டமா! சரி, என் அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன், லேபிளில் என்னைத் திட்டினாலும் இதைக் கேளுங்கள். கடன். உன்னிடம் 555 புத்தகம், அதுதான் கடன் எழுதுகிற சின்ன நோட்டு, இருக்கிறதா தங்கச்சி? இருக்கும், எல்லார் வீட்டிலும் இருக்கும். அதில் எழுதியதை விற்பனை என்று நினைத்துக்கொண்டுதான் நம்ம ஆட்கள் பாதிப் பேர் "விற்கிறது, காசு இல்லை" என்று புலம்புகிறோம். மளிகைக் கடைக்காரர் "விற்றதும் தருகிறேன்" என்பார், விற்றதும் அடுத்த சரக்கைக் கேட்பார், பழைய காசைக் கேட்டால் முகம் மாறும். சொந்தக்காரர்கள் இன்னும் மோசம். தீபாவளிக்கு 20 போத்தல் எடுத்துக்கொண்டு தைப்பூசம் வரை தர மாட்டார்கள். நான் கடையில் "முன்பணம் பாதி" என்று எழுதி ஒட்டியதும் இரண்டு சித்தப்பா என்னோடு பேசுவதை விட்டுவிட்டார்கள். வியாபாரம் நன்றாக இருக்கிறது.

முறுக்குக்காரி

அண்ணே, சிரித்துவிட்டேன். 555 புத்தகத்தைக் கூட்டிப் பார்த்தேன், எனக்கே தூக்கம் போய்விட்டது. தொகையை இங்கே போட மாட்டேன், வீட்டுக்காரர் இந்த இழையைப் படிக்கிறார்.

லயத்துவாசி

இதைப் படித்துக்கொண்டே இருந்தேன். நானும் வீட்டில் ஊறுகாய் போட்டு விற்கிறேன், எஸ்எஸ்எம் (வியாபாரப் பதிவு ஆணையம்) பதிவு இல்லை. கட்டாயமா? ஒரு கேள்வி கூட, எல்லாக் காசும் என் சொந்த அக்கவுண்டுக்குத்தான் வருகிறது, காசு அனுப்புகிற டுயிட்நவ் கியூஆரும் அதுதான். தப்பா?

கணக்குப்பிள்ளை

வியாபாரம் தொடங்கி 30 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 வெள்ளி, கடைப் பெயர் வைத்தால் 60. இணையத்திலேயே செய்துவிடலாம். சொந்த அக்கவுண்டில் வாங்குவதால் யாரும் உங்களை ஜெயிலில் போடப் போவதில்லை, ஆனால் பிள்ளையின் டியூஷன் காசும் ஊறுகாய்க் காசும் ஒரே இடத்தில் கிடந்தால் எது லாபம் என்று உங்களுக்கே தெரியாது. பதிவு செய்த கையோடு வியாபாரத்துக்கு ஒரு தனி அக்கவுண்ட் திறந்து, கியூஆரை அதற்கு மாற்றுங்கள். வருமான வரிக்கு நீங்கள் பி பாரம் (வியாபார வருமானம் உள்ளவர்களுக்கான படிவம்) கொடுக்க வேண்டும், ஜூன் 30-க்குள். பில், ரசீது எல்லாம் ஏழு வருஷம் வைத்திருக்க வேண்டும். பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தாலும் பரவாயில்லை, வையுங்கள்.

ஈப்போமருமகள்

எல்லாரும் கணக்கிலேயே போய்விட்டீர்கள். அந்த 9 வெள்ளி முறுக்கு என்னாச்சு?

கணக்குப்பிள்ளை

வருகிறேன். "கையால் பிழிந்தது" என்று எழுதி மிஷின் முறுக்கைப் போட்டால் அது 2011-ஆம் ஆண்டு வணிக விவரச் சட்டத்தின்படி குற்றம். பொருளை எப்படிச் செய்தார்கள், எங்கே செய்தார்கள், யார் செய்தார்கள் என்பதைப் பற்றிப் பொய் சொல்வதும் அதில் வருகிறது. ஆனால் நான் சட்டத்துக்காகச் சொல்லவில்லை. அக்காவின் கணக்கில் 17 வெள்ளி அடக்கமான பொருளை 20-க்கும் 22-க்கும் விற்க முடியும் என்றால் அதற்கு ஒரே காரணம் அந்த லேபிள். 9 வெள்ளிச் சரக்கை அதற்குள் ஊற்றினால் ஒரு தீபாவளிக்கு நல்ல காசு வரும். அடுத்த தீபாவளிக்கு ஈப்போ மருமகள் வர மாட்டார்.

பாசார்மாலாம்அண்ணன்

சரி சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வேறு லேபிள் ஒட்டி "வாங்கி விற்பது" என்று சொல்லி விற்கலாமே? அதில் என்ன பொய்?

ஈப்போமருமகள்

அதில் பொய் இல்லை. ஆனால் ஒரே மேசையில் இரண்டும் இருந்தால் எனக்குச் சந்தேகம் வரும், சொல்லிவிட்டேன்.

தோட்டத்துப்பையன்

எனக்கு ஒரு குதர்க்கமான கேள்வி. மாவு பிசைய மிஷின் வாங்கினால்? அதுதானே கையை ஒடிக்கிற வேலை, அம்மாவுக்குத் தோள்பட்டை வலி அதனால்தான். அப்போதும் "கையால் பிழிந்தது" தானா?

செம்பனை72

பிழிவது கைதானே. மாவை எது பிசைந்தால் என்ன. அரிசியையும் மிஷினில்தான் அரைக்கிறார்கள், உரலில் இடிக்கவில்லையே.

முறுக்குக்காரி

அக்காமாரிடம் பேசிவிட்டேன். உட்கார்ந்து, ஒரு தாளில் 17 வெள்ளிக் கணக்கை அப்படியே எழுதிக் காட்டினேன். முதலில் யாரும் பேசவில்லை. அப்புறம் பெரிய அக்கா சொன்னார், "நீ கடைக்கு 15-க்குப் போடுவது எங்களுக்கு முன்னாடியே பிடிக்கவில்லை, அவன் 20-க்கு விற்கிறான்." மூன்று பேருக்கும் தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் யாரும் சொல்லவில்லை!

என்ன முடிவு செய்தோம் என்றால், நேரடி விலை 22, கடைக்கு 19. கூலி மணிக்கு 9 வெள்ளி, எனக்கும் அதே. இரண்டு கடைக்காரர்களிடம் கேட்டேன். ஒருவர் சரி என்றார், இன்னொருவர் "அப்படியென்றால் வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். அவர்தான் அதிகம் எடுப்பவர், வயிறு கலங்கியது. பழைய பாக்கியையும் அவர்தான் அதிகம் வைத்திருக்கிறார்.

தோட்டத்துப் பையன் சொன்ன மிஷின்தான் மூன்று பேரும் கேட்டது. மாவு பிசைவதை மட்டும் மிஷினுக்கு விட்டால் அதே ஆறு மணியில் 55, 60 போத்தல் வரும் என்கிறார்கள். மொத்த வியாபாரியிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

மிஷினுக்குக் காசு? கூட்டு (சீட்டு) எடுக்கலாம் என்று பார்க்கிறேன்.

கணக்குப்பிள்ளை

கூட்டு வேண்டாம் அக்கா. கூட்டு நடத்துவதையே 1971-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது, பிடிக்கிறவர் ஓடிப்போனால் எங்கே போய்ப் புகார் கொடுப்பீர்கள்? ஆலோங் (உரிமமில்லாத வட்டிக்காரர்) பக்கம் திரும்பியும் பார்க்காதீர்கள். சிறு வியாபாரிகளுக்குக் கடன் கொடுக்கும் அரசாங்க அமைப்பான தெக்குனில் இந்தியர்களுக்கென்று ஸ்புமி கடன் இருக்கிறது, பெண்களுக்கு அமானா இக்தியார் என்ற சிறுகடன் அமைப்பின் 'பெண்' திட்டம் இருக்கிறது. இரண்டையும் போய்க் கேளுங்கள். எஸ்எஸ்எம் பதிவும் வங்கிக் கணக்கும்தான் முதலில் கேட்பார்கள், காசு இத்தனை நாள் சொந்த அக்கவுண்டில் ஓடியிருந்தால் அதனால்தான் இழுக்கும்.

ஒரு போத்தலுக்கு 22-இல் உங்களுக்கு 4 வெள்ளி 65 காசு நிற்கும், கடைக்கு 19-இல் 1 வெள்ளி 65 காசு. கூலியை 9 ஆக்கியதையும் உங்கள் வெண்ணெய் விலையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், மிஷின் வந்தால் இன்னும் கொஞ்சம் கூடும். கடன் தவணை அந்தக் காசுக்குள் அடங்குகிறதா என்று பாருங்கள். தீபாவளி மாத விற்பனையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், ரமலான் முடிந்த அடுத்த மாதம் மாதிரி மந்தமான மாதத்தை வைத்துப் போடுங்கள்.

பாசார்மாலாம்அண்ணன்

புது மிஷின் எதற்கு? ஈப்போவில் பேக்கரி மூடுகிறவர்கள் பழைய மிக்ஸர் விற்பார்கள், பத்துக் கிலோ மாவு பிசைகிற மாதிரி. நான் கேட்டுப் பார்க்கிறேன். ஆனால் மோட்டாரைப் போட்டுப் பார்க்காமல் காசு கொடுக்காதே, வயரிங்கை ஒரு ஆளை வைத்துப் பார்.

ஈப்போமருமகள்

அக்கா, 22-க்கு எனக்கு எட்டு போத்தல், இரண்டு காரம் தூக்கலாக. முன்பணம் எந்த கியூஆருக்கு?

முறுக்குக்காரி

கொஞ்சம் பொறும்மா. புது அக்கவுண்ட் திங்கட்கிழமைதான் திறக்கப் போகிறேன், திறந்ததும் அனுப்புகிறேன். பழைய கியூஆருக்குப் போடாதே.